ஊசிப்பாறை வண்டிப் பால்

ராஜாவும் ராணியும் வராத கதை இது. வருவது இரண்டு கணினிகள். ஒரு சித்திரை மாதத்துக் காலையில் அவை இரண்டும் பேச்சை நிறுத்திக்கொண்டன.

ஒரு கணினி, காங்கேயம் சாலையில் இருக்கும் ஒரு பால் பண்ணையின் வாசலில் இருந்தது. வண்டி வந்ததும் பாலை எடை போட்டுச் சொல்வது அதன் வேலை. இன்னொன்று தலைமை அலுவலகத்தின் பெரிய மென்பொருள். எடையை வாங்கிப் பதிந்துகொண்டு, ஒரு வரவு எண்ணைத் திருப்பி அனுப்பும். அந்த எண் வந்தால்தான் குளிர்தொட்டியின் வால்வு திறக்கும். முன்பு ஒருமுறை யாரோ அவசரப்பட்டுக் கையால் திறந்துவிட, கலப்படப் பால் உள்ளே போய், தொட்டிப் பால் மொத்தத்தையும் சாக்கடையில் விட வேண்டியதாயிற்று. அதன்பிறகு கையால் திறக்கிற பிடியையே கழற்றிவிட்டார்கள்.

இரண்டு கணினிக்கும் பாஷை வேறு. அது சொன்னதை இதற்கும், இது சொன்னதை அதற்கும் மாற்றிச் சொல்ல நடுவில் ஒரு ஆள் வேண்டுமே. அந்த ஆளுக்கு அடாப்டர் என்று பெயர். அந்த அடாப்டரைக் கட்டி மேய்க்கிறவர் நஜ்மா. ஈரோட்டில் ஒரு மாடி அலுவலகத்தில் அவருக்கு மேசை.

நஜ்மாவுக்கு முப்பது வயது. அவருடைய சிஷ்யர் பொன்னுரங்கத்துக்கு நாற்பத்தாறு. ரொம்ப வருஷம் மென்பொருள் விற்றவர். விற்ற சரக்கு உள்ளே எப்படி ஓடுகிறது என்று தெரியாமலே தலை நரைத்துவிடக் கூடாதென்று, கேட்டு வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். குரு சிஷ்யரை அண்ணா என்பார். சிஷ்யர் குருவை மேடம் என்பார். ஆபீஸில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது.

அன்று பொன்னுரங்கம்தான் முதலில் வந்தார். திரையில் சிவப்பு எழுத்து. அவர் நாற்காலியை இழுப்பதற்குள் போன் அடித்தது.

"ரங்கண்ணா, வால்வு தொறக்கலைங்க." பண்ணை வாசலைப் பார்த்துக்கொள்கிற தண்டபாணி.

"பாத்துட்டே இருக்கேனுங்க."

"வண்டியெல்லாம் வரிசையா நிக்குதுங்க. மொதல்ல நிக்கறது ஊசிப்பாறை வண்டி."

ஊசிப்பாறை என்றால் பொன்னுரங்கத்துக்குத் தெரியும். மலை மேல் ஊர். கரண்ட் வந்து வந்து போகும். பாலைக் குளிர வைக்க அங்கே வழியில்லை. கறந்ததைக் கேனில் ஊற்றி, ஈரச் சாக்கைப் போர்த்தி, இருட்டோடு இருட்டாக இறக்கிக் கொண்டுவருவார்கள். வெயில் ஏறுவதற்குள் தொட்டிக்குப் போய்விட்டால் அது பால். நின்றுவிட்டால், ஒரு கரண்டி எடுத்துக் காய்ச்சிப் பார்த்து, திரிந்தால் கொட்டிவிட்டு வெறும் கேனோடு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அந்த ஊருக்கு அன்றைய பொழுது அவ்வளவுதான்.

பொன்னுரங்கம் 'மறுபடி இணை' என்ற பொத்தானை அழுத்தினார்.

இணைப்பு மறுக்கப்பட்டது.

அழுத்தினார். மறுக்கப்பட்டது. அடாப்டரை நிறுத்தி, உடனே எழுப்பினார். மறுக்கப்பட்டது.

போன்.

"என்னாச்சுங்க?"

"தண்டபாணி, ஒரு நிமிஷம் பொறுங்க…"

"நான் பொறுத்துக்குவேனுங்க. பால் பொறுக்குமா?"

வைத்தார். மறுபடி போன். எடுப்பதற்குள் நின்றது. மறுபடி போன்.

நஜ்மா உள்ளே வந்தபோது ஹெல்மெட் இன்னும் கையில்தான் இருந்தது. சிஷ்யரின் முகத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"எப்பத்திலிருந்துண்ணா?"

"நான் வந்ததிலிருந்தே மேடம். விடிஞ்சதிலிருந்தே இப்படித்தான் போல. தலையைச் சுத்துது. இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் இவர்…" போன் மறுபடி அடித்தது. பொன்னுரங்கம் அதைக் கவிழ்த்து வைத்தார். "மனுஷன் பதில் சொல்ல விடறாரா பாருங்க! வாயைத் தொறக்கறதுக்குள்ள அடுத்த போன். என்னான்னு பாத்தாத்தானே சொல்ல முடியும்?"

நஜ்மா ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தார்.

"அது என்ன சொல்லுது?"

"எது?"

"பெரிய மென்பொருள்."

"இணைப்பு மறுக்கப்பட்டதுன்னு சொல்லுது."

"அது கடைசி வரி. முதல் வரி?"

பொன்னுரங்கம் எப்போதும் கடைசி வரியைத்தான் படிப்பார். புதிய செய்தி அடியில்தானே வந்து விழுகிறது. இப்போது திரையை மேலே தள்ளினார். அதே வரி. மறுபடி தள்ளினார். அதே வரி. விநாடிக்கு ஒன்றாக, மூட்டை மூட்டையாக அதே வரி.

"ஏண்ணா இவ்வளவு?"

"பழைய அமைப்புல கால் மணிக்கு ஒரு தடவைதான் கூப்பிட்டுச்சு மேடம். சோம்பேறித்தனமா இருந்துச்சு. நேத்து சாயங்காலம், நீங்க லீவுல இருந்தப்ப, விநாடிக்கு ஒரு தடவைன்னு மாத்தினேன். பதில் வரலைன்னா உடனே உடனே கேக்கட்டும்னு…"

நஜ்மா திரையைக் காட்டினார். "மேலே போங்க" என்றார்.

போய்க்கொண்டே இருந்தார். விடியற்காலைக்கு வந்து சேர்ந்தார். அங்கே, எல்லாவற்றுக்கும் உச்சியில், வேறு மாதிரி ஒரே ஒரு வரி. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'தயாராகிக்கொண்டிருக்கிறேன். பத்து நிமிடம் கழித்து அழைக்கவும். அதற்குள் அழைத்தால், பத்து நிமிடம் புதிதாகத் தொடங்கும்.'

பெரிய மென்பொருளைத் தினமும் விடியலில் நிறுத்தி எழுப்புவார்கள். எழுந்து முகம் கழுவுகிற நேரம் அது.

பொன்னுரங்கம் அந்த வரியை இரண்டு தரம் படித்தார்.

"இத்தனை நேரமும்…"

"ம்."

"நான் கூப்பிடக் கூப்பிட…"

"ம்."

நஜ்மா குனிந்து அடாப்டரை நிறுத்தினார். திரையில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன. அறை திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

"அடுத்து என்ன மேடம்?"

"பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம் என்ன பண்ணணும்?"

"பத்து நிமிஷம்" என்றார் நஜ்மா மறுபடி.

கவிழ்ந்து கிடந்த போன் மேசையிலேயே அதிர்ந்து நகர்ந்தது. நஜ்மா கண்ணைக் காட்டினார். பொன்னுரங்கம் எடுத்தார்.

"தண்டபாணி, பத்து நிமிஷத்துல தொறந்துரும்."

"நெசமாவா? ஊசிப்பாறைப் பாலை இப்பத்தானுங்க காய்ச்சிப் பாத்தோம். நல்லாத்தான் இருக்குது. ஆனா சாக்கெல்லாம் காஞ்சு போச்சு. பத்து நிமிஷம்னா தாங்கும். அதுக்கு மேல நான் சொல்ல முடியாது."

"பத்தே நிமிஷம்."

வைத்தார். சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்தார். பிறகு அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.

"இதுக்குத்தானா மேடம் நான் விற்பனையை விட்டுட்டு வந்தேன்? ஒண்ணும் செய்யாம உக்காந்திருக்க?"

"உக்காந்து பாருங்கண்ணா" என்றார் நஜ்மா. "சுலபமா இருந்தா சொல்லுங்க."

பொன்னுரங்கம் எழுந்தார். ஜன்னலுக்குப் போனார். கீழே ரோட்டில் வெயில் ஏற்கெனவே வெள்ளையாகியிருந்தது. ஒரு பால்காரர் சைக்கிளில் போனார். அதைக்கூடப் பார்க்க முடியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார், மூடினார்.

பாதிக்கு மேல் ஆயிற்று. நஜ்மா தண்ணீர் பிடிக்க வெளியே போனார்.

பொன்னுரங்கத்தின் மடிக்கணினியில் சின்னதாக ஒரு பொத்தான் உண்டு. அடாப்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அவரே போன மாதம் எழுதி வைத்தது. ஒருவேளை இந்நேரம் எழுந்திருக்கலாம். எழுந்ததே தெரியாமல் நாம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். வெளியே கேன்கள் சுட்டுக்கொண்டிருக்கும். பார்க்கத்தானே போகிறோம்? கூப்பிடவா போகிறோம்?

அழுத்தினார்.

'தயாராகிக்கொண்டிருக்கிறேன். பத்து நிமிடம் கழித்து அழைக்கவும். அதற்குள் அழைத்தால்…'

நஜ்மா பாட்டிலோடு உள்ளே வந்தபோது பொன்னுரங்கம் அசையவில்லை. மறைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மறைத்தால் நஜ்மா நேரமாயிற்று என்று அடாப்டரை எழுப்புவார். எல்லாம் மூன்றாம் முறையாக முதலிலிருந்து.

"தொட்டுட்டேன் மேடம்."

நஜ்மா மடிக்கணினியைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தை. உதட்டை ஒருமுறை இறுக்கிக்கொண்டார். பிறகு மடிக்கணினியை மெதுவாக மூடி, அதன்மேல் தன் ஹெல்மெட்டை எடுத்து வைத்தார்.

"பத்து நிமிஷம்" என்றார்.

"திட்டிடுங்க மேடம். எனக்குக் கொஞ்சம் லேசாகும்."

"உங்களுக்கு லேசாகும். அங்க?"

போன் அடித்தது. பொன்னுரங்கம் எடுத்து, இன்னும் பத்து நிமிஷம் என்று மட்டும் சொன்னார். தண்டபாணி இந்தத் தடவை கத்தவில்லை. "சரிங்க" என்றார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பொன்னுரங்கம் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தலைக்கு மேல் ஃபேன் க்ரீச் க்ரீச் என்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"கையை என்ன பண்றதுன்னே தெரியலை மேடம். நீங்க எப்படி இருக்கீங்க?"

"நான் எங்க இருக்கேன்? வளையலைத் திருகித் திருகி மணிக்கட்டே செவந்து போச்சு." காட்டினார். செவந்துதான் இருந்தது.

பொன்னுரங்கத்துக்கு ஏனோ அதைப் பார்த்ததும் மூச்சு கொஞ்சம் இறங்கியது. எதிர் மாடியில் யாரோ துணியை உதறிக் காயப் போட்டார்கள். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பொன்னுரங்கம் கடிகாரத்தைப் பார்ப்பதை எப்போது விட்டார் என்று அவருக்குத் தெரியாது.

"இப்ப" என்றார் நஜ்மா. "நீங்களே எழுப்புங்கண்ணா. ஒரே தடவை."

பொன்னுரங்கம் கையை வெளியே எடுத்தார். மரத்துப் போயிருந்தது. அழுத்தினார்.

திரை காலியாக இருந்தது. மறுக்கப்பட்டது என்றும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. அதைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

ஒரு எண் வந்து விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

போன் அடித்தது.

"தொறந்துருச்சுங்க!" தண்டபாணிக்குப் பின்னால் கேன்கள் மோதும் சத்தம், யாரோ யாரையோ விரட்டும் சத்தம். "வால்வு தொறந்துருச்சு. பால் உள்ள போகுது."

"ஊசிப்பாறை?"

அந்தப் பக்கம் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. தண்டபாணி போனைக் கையால் மூடி எங்கோ ஓரமாக நடக்கிறார் போல.

"அது திரிஞ்சு போச்சுங்க. இப்பத்தான் காய்ச்சிப் பாத்தோம். மத்த வண்டி எல்லாம் நல்லாயிருக்குது. அது ஒண்ணுதான்." ஒரு கணம் நிறுத்தினார். "டிரைவர் எதுக்க நிக்கறாருங்க. வெச்சர்றேன்."

வைத்துவிட்டார்.

பொன்னுரங்கம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நஜ்மாவிடம் சொன்னார்: "முதல் பத்து நிமிஷத்துல தொறந்திருந்தா அது தாங்கியிருக்கும் மேடம்."

"ம்."

"தண்டபாணிக்கு அது தெரியாது. மிஷின்ல கோளாறுன்னுதான் அந்த டிரைவர்கிட்ட சொல்லிட்டிருப்பாரு. நான் சொல்லிடறேன். என் கைதான்னு சொல்லிடறேன். அந்த ஊருக்கு என்ன செய்யணுமோ அதையும் கேட்டுடறேன்."

"சொல்லத்தான் வேணும்" என்றார் நஜ்மா. அடாப்டரின் அமைப்பைத் திறந்து, விநாடியைக் கால் மணியாக மாற்றிக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் தண்டபாணியை அழைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

உடனே மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை.

கட்டைவிரல் மூன்றாம் முறை பச்சைப் பொத்தானுக்குப் போயிற்று.

நஜ்மா திரையிலிருந்து திரும்பாமலே சொன்னார்:

"பாலைக் கொட்டிட்டு இருப்பாங்கண்ணா. கேனைக் கவுத்து வைக்கட்டும்."