தற்செயலாகப் பார்க்க நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

"டீச்சர், இந்த வருஷம் நான் எந்த வேகத்துல ஓடணும்?" என்று கேட்டார் சபாபதி.

"எவ்வளவு நேரத்துல முடிக்கணும் சார்?"

"முடிக்கிறதைப் பத்திக் கவலை இல்லை. பாதி வழியில ஒரு இடம் இருக்கு. அங்க சரியா ஆறரைக்கு இருக்கணும்."

குமுதவல்லி மாநகராட்சிப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. விடியற்காலையில் கடற்கரைக்கு வந்து, மாரத்தான் ஓடுகிறவர்களைப் பழக்குவார். சபாபதியைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் அவர் முன்னால் சபாபதி கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். அலுவலகத்தில் எத்தனையோ பேரை அப்படி நிற்க வைத்த மனிதர். இப்போது அனுபவிக்கட்டும்.

"அந்த இடத்துல என்ன இருக்கு?"

"ஒரு சர்ச்."

"நீங்க சர்ச்சுக்குப் போவீங்களா?"

"என் பொண்ணு போவா."

குமுதவல்லி மணலில் உட்கார்ந்தார். சபாபதியும் உட்கார்ந்தார்.

மகள் நளினி தானே முடிவு செய்து ஜெபராஜைக் கட்டிக்கொண்ட அன்று, சபாபதி நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். உன் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்றார். சொல்ல ஒரு நொடிதான் ஆயிற்று. அன்றிலிருந்து அவருக்குச் சோறு சோறாக இறங்கவில்லை.

"சர்ச் வாசல்ல போய் நின்னு பார்க்கலாமே?"

"தேடி வந்த மாதிரி ஆயிடாதா?"

"ரோட்டுல?"

"ரோடு கார்ப்பரேஷனோடது. ஓடிக்கிட்டிருக்கும்போது பார்த்தா, அது தற்செயல்."

"நாப்பத்திரண்டு கிலோமீட்டர் தற்செயல்."

சபாபதி தலையைக் குனிந்துகொண்டார்.

மாரத்தான் ஞாயிற்றுக்கிழமையில் வரும். இருட்டில் தொடங்கும். கடற்கரைச் சாலை, மேம்பாலம், ஆற்றுப் பாலம், அப்புறம் அந்த சர்ச். அன்றைக்குச் சாலையில் கயிறு கட்டிவிடுவார்கள். காலை ஆராதனைக்கு வருகிறவர்கள் எதிர்ப்பக்கம் நின்று, ஓடுகிறவர்களுக்கு நடுவே இடைவெளி கிடைத்தால்தான் கடந்து போக முடியும். அந்தக் கொஞ்ச நேரம் நளினி கயிற்றுக்குப் பின்னால் நிற்பாள். சபாபதிக்கு வருஷம் முழுவதும் அந்தக் கொஞ்ச நேரம்தான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி சீக்கிரம் போயிட்டேன். ஒருத்தரும் வரலை. கயிறு மட்டும் ஆடிக்கிட்டிருந்துது."

"போன வருஷம்?"

"ஆத்துப் பாலத்துல கால் பிடிச்சுக்கிச்சு. நொண்டிக்கிட்டே போய்ச் சேர்ந்தா, எல்லாரும் உள்ள போயிட்டாங்க. பாட்டுச் சத்தம் கேட்டுது. அதுல எது அவ குரல்னு தேடித் தேடிப் பார்த்தேன் டீச்சர். தெரியலை."

 

குமுதவல்லி எழுந்தார்.

"நாளைக்குப் பாலத்துக்கு வாங்க."

மறுநாள் இருட்டோடு பாலத்தில் நின்றார்கள். பனி இறங்கியிருந்தது. குமுதவல்லி ஒரு கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பாலத்துக் கம்பியில் கட்டினார்.

"இப்ப எப்படி இருக்கு சார்?"

"ஜிலுஜிலுன்னு இருக்கு. இந்த நேரத்துலதான் ஓடித் தள்ளிடணும். வெயில் வந்தா முடியாது."

"ஓடுங்க."

சபாபதி பாலத்தில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடினார். சட்டை பிழியலாம் போல ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது குமுதவல்லி கைக்குட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

அப்படியே ஈரமாக இருந்தது.

"இருங்க," என்றார்.

இருந்தார்கள். சூரியன் வந்தது. கடலிலிருந்து காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் கைக்குட்டை கம்பியில் படபடவென்று அடித்துக்கொண்டது.

சபாபதி அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"இருட்டுல வியர்வை காயாதா டீச்சர்?"

"பனியில எங்க காயும்? உடம்பு உள்ள வெந்துக்கிட்டே இருக்கும். உங்களுக்குத் தெரியாது. ஜிலுஜிலுன்னு இருக்குன்னு வேகமா போவீங்க. பாலத்துல வந்து விழுவீங்க."

"மெதுவா போனா லேட்டாயிடுமே?"

"போன வருஷம் வேகமா போயித்தானே சார் லேட்டானீங்க?"

சபாபதி சட்டை நுனியைப் பிழிந்தார்.

"மேம்பாலம் ஏறும்போது வாட்சைப் பார்க்காதீங்க. மூச்சைப் பாருங்க. இறங்கும்போது அவசரப்படாதீங்க. வெளிச்சம் வர்ற வரைக்கும் பக்கத்துல ஓடுறவங்களோட பேச முடியுற வேகம். பேச்சு நின்னுதுன்னா வேகம் ஜாஸ்தி."

"பக்கத்துல ஓடுறவங்க யாருன்னே தெரியாதே."

"பொண்ணுகிட்ட பேசுங்க."

சபாபதி சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

போட்டி நாள் வந்தது. இருட்டு, பனி, கும்பல். இளவட்டங்கள் பறந்தார்கள். சபாபதி பறக்கவில்லை. வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டு ஓடினார். "சாப்பிட்டியாம்மா" என்றார். "அந்தப் பையன் நல்லா வச்சுக்கிறானா" என்றார். மேம்பாலத்தில் மூச்சு வாங்கியது, பேச்சு நின்றது, வேகத்தைக் குறைத்தார். பேச்சு திரும்பவும் வந்தது. பக்கத்தில் ஓடியவன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விலகிப் போனான்.

ஆற்றுப் பாலத்தில் பொழுது வெளுத்தது. காற்று முகத்தில் அடித்தது. கால்கள் நன்றாகவே இருந்தன.

கயிறு தெரிந்தது. கயிற்றுக்குப் பின்னால் ஜனங்கள் தெரிந்தார்கள்.

நளினி நின்றுகொண்டிருந்தாள். பச்சைப் புடவை. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை.

குழந்தையைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

நிற்க வேண்டும் என்று நினைத்தார். தற்செயலாக வந்தவன் நிற்பானா என்றும் நினைத்தார். இரண்டையும் நினைத்து முடிப்பதற்குள் கால்கள் அவளைக் கடந்துவிட்டன. கால்களுக்கு என்ன தெரியும்? ஓடுவதற்குத்தானே பழக்கியிருந்தார்.

"அப்பா!"

திரும்பினார். நளினி கயிற்றுக்கு அடியில் குனிந்து, குழந்தையோடு சாலைக்குள் வந்துவிட்டாள். போலீஸ்காரர் விசில் ஊதினார். அவள் காதில் வாங்கவில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே ஓடி வந்தாள்.

"நிக்காதீங்கப்பா, கால் பிடிச்சுக்கும். முடிச்சிட்டு வீட்டுக்கு வாங்க. என்ன?"

வாயே திறக்கவில்லை அவருக்கு. வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த மனிதர்.

மூச்சு வாங்க அவள் நின்றுவிட்டாள். அவள் தோளுக்கு மேலே குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் யார் என்று அதற்குத் தெரியாது.

மிச்ச தூரத்தை அவர் எப்படி ஓடினார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெயில் ஏறியது. வியர்வை எது, கண்ணீர் எது என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

முடிவுக் கோட்டில் குமுதவல்லி நின்றிருந்தார். பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தள்ளாடி வந்த சபாபதியைப் பிடித்து, நடைபாதை ஓரத்தில் உட்கார வைத்தார்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். பேரப் புள்ளையையும் பார்த்தேன்."

"பேசினாளா?"

"வீட்டுக்கு வாங்கன்னா."



 சபாபதி மெல்லக் கேட்டார்.

"நாலு பேர் முன்னாடி சொன்ன சொல்லு இருக்கே, டீச்சர். நான் ஒண்ணு யோசிச்சேன். அடுத்த வருஷம் கொஞ்சம் முன்னாடி போய்ச் சேர்ந்தா, குழந்தையைக் கையில வாங்கி ஒரு நிமிஷம் வச்சுக்கலாம். அதுக்கு எந்த வேகத்துல ஓடணும்?"



குமுதவல்லி அவர் காலடியில் உட்கார்ந்தார். ஒரு ஷூவின் லேஸை அவிழ்த்தார். இன்னொன்றையும் அவிழ்த்தார்.

சபாபதி பதறிப்போனார். "ஐயோ, என்ன டீச்சர் இது? நீங்க போய் என் காலை…"

"இவ்வளவு ஓடின பிறகு உங்களால குனிய முடியாது சார். நீங்க அவ வீட்டு வாசப்படியில உட்கார்ந்து இதை அவிழ்த்துக்கிட்டிருந்தா, ஆறின இட்லிதான் கிடைக்கும்."