மிதக்கும் கட்டையில் போட்ட கணக்கு

ஒரு காட்டில் எல்லா வாய்க்கால்களும் ஒன்றுபோலவே இருந்தன. அது கடலோரத்து அலையாத்திக் காடு. இடப்பக்கம் திரும்பினாலும் அதே வேர், வலப்பக்கம் திரும்பினாலும் அதே சேறு. போதாததற்கு, அந்த ஆண்டு அடித்த புயல் பாதி மரங்களைச் சாய்த்துப் பழைய வழிகளை அடைத்துவிட்டது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிராணிகளும் வழி தெரியாமல் விழித்தன.

ஆகவே அவை வானத்தைக் கேட்டன. மேலே பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். எந்தப் பருந்து எந்த இடத்துக்கு மேலே சுற்றும் என்பது எல்லோருக்கும் தெரியும். கீழிருந்து ஒரு சீழ்க்கை அடித்தால் பருந்தும் பதிலுக்குச் சீழ்க்கை அடிக்கும். பதில் சட்டென்று வந்தால் பருந்து பக்கத்தில் இருக்கிறது. தாமதித்து வந்தால் தொலைவில் இருக்கிறது. இப்படிச் சில பருந்துகளைக் கேட்டால், நாம் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

இந்த வித்தையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்தவன் துழாவன் என்ற நீர்நாய். நினைத்ததோடு நிற்காமல், பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியும் வந்தான். யாராவது "ஏறக்குறைய இங்கே இருக்கிறோம்" என்றால் அவன் மீசை துடிக்கும். ஏறக்குறைய என்பது சோம்பேறிகளின் சொல் என்பான்.

ஒருநாள் அவனும் மனைவி கயலியும், பிறந்து சில நாட்களே ஆன குட்டிகள் இரண்டையும் வளையில் விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போனார்கள். அன்று முழுநிலா நாள். அந்த நாளில் கடல்நீர் வழக்கத்தைவிட உயரமாக ஏறி வளைக்குள்ளும் புகுந்துவிடும். குட்டிகளுக்கு இன்னும் நீந்தத் தெரியாது. நீர் ஏறுமுன் திரும்பி வந்து குட்டிகளை மணல்மேட்டில் சேர்த்துவிட வேண்டும் என்று கயலி புறப்படும்போதே சொல்லியிருந்தாள்.

துழாவன் ஒரு கொழுத்த மடவை மீனைத் துரத்திக்கொண்டு ஓடினான். கயலி அவன் பின்னால் ஓடினாள். மீன் கிடைத்தது, வழி தவறிவிட்டது.

நீரும் ஏறத் தொடங்கியது. உடனே இடத்தைக் கேட்டறியும்படி கயலி அவசரப்படுத்தினாள். துழாவன் அவசரப்படவில்லை. மிதந்து வந்த பெரிய மரக்கட்டை ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து, மீனைத் தின்று முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டான். பிறகு எல்லாப் பருந்துகளையும் ஒன்றுவிடாமல் கேட்டுத்தான் கணக்குப் போடப்போவதாக அறிவித்தான்.

கட்டையில் முன்பே ஒரு நண்டு ஏறியிருந்தது. சும்மா சவாரி போகிறவர்கள் புகழ்ச்சிக்குக் குறை வைப்பதில்லை. "அண்ணன் கணக்கு என்றால் கடலே நின்று கேட்கும்" என்றது நண்டு.

கடல் நிற்கவில்லை.

வடக்கே மீன் இறங்கும் துறை ஒன்று இருந்தது. அங்கே மீன்குடல் தாராளமாகக் கிடைக்கும் என்பதால், பருந்துகளில் முக்கால்வாசி அதற்கு மேலேயே சுற்றின. துழாவன் அவற்றை வரிசையாகக் கேட்டான். ஒரு பதில் வந்ததும் கட்டையின் பட்டையில் நகத்தால் கணக்கைக் கீறினான். அடுத்த பதில் வந்ததும் கீறியதையெல்லாம் சுரண்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து கீறினான். அதற்கடுத்த பதில் வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து.

கயலி பொறுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இதுவரை என்ன தெரிந்தது?"

"துறை எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிட்டது. அரை நகம்கூடப் பிசகாது."

"முதல் பருந்து சொன்னதும் அதைத்தானே?"

"அது ஒருவர் சொன்னது. இது இத்தனை பேர் சொன்னது."

"ஒரே கிளையில் உட்கார்ந்திருக்கும் பத்துக் காக்கை ஒரு காக்கைக்குச் சமம்" என்றாள் கயலி. "துறை தூரம் தெரிந்து என்ன செய்ய? அதற்குக் கிழக்கே இருக்கிறோமா, மேற்கே இருக்கிறோமா? மணல்மேட்டுப் பருந்தைக் கேளுங்கள். உப்பளத்துப் பருந்தைக் கேளுங்கள். துறைக்கு ஒன்று போதும்."

"முறை என்று ஒன்று இருக்கிறது, கயலி. அவர்கள் முறை கடைசியில் வரும்."

"எனக்குக் குட்டிகள் இருக்கின்றன" என்று சொல்லிவிட்டுக் கயலி நீரில் குதித்தாள். மேற்கே மணல்மேட்டை நோக்கி ஒரு சீழ்க்கை, தெற்கே உப்பளத்தை நோக்கி ஒரு சீழ்க்கை. துறையின் தூரம் அவள் காதிலும் விழுந்திருந்தது. அந்த மூன்றை வைத்து ஓர் இடத்தை ஏறக்குறைய நிச்சயித்துக்கொண்டு நீந்தினாள். வாய்க்கால் பிரியும் இடங்களில் ஒரே ஒரு பருந்தைக் கேட்டாள். முன்பு தெரிந்ததை அழிக்கவில்லை. நீந்திய தூரத்தை அதோடு கூட்டி, பிசகியதை மட்டும் திருத்தினாள். ஒரு முறை தவறாகத் திரும்பினாள். பத்து மரம் தாண்டுவதற்குள் அதுவும் தெரிந்துவிட்டது.

கட்டையின் மேல் கணக்கு வளர்ந்துகொண்டிருந்தது. ஆனால் ஏறும் நீர் கட்டையை நிலத்துப் பக்கம் தள்ளிக்கொண்டே போயிற்று. கணக்கிலிருந்து தலையைத் தூக்காதவனுக்கு அது எப்படித் தெரியும்? முதலில் கேட்ட பதிலும் கடைசியில் கேட்ட பதிலும் ஒத்துப்போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது. சரிபார்ப்பதற்காக முதல் பருந்தை மறுபடியும் கேட்டான். அது முன்பு சொன்னதற்கு மாறாகச் சொன்னது.

"பொய் சொல்கிறது" என்றான் துழாவன்.

"பருந்து ஜாதியே அப்படித்தான் அண்ணே" என்றது நண்டு.

எல்லாப் பருந்துகளையும் அவன் மறுபடியும் கேட்டான். எல்லாம் பொய்யர்களாகவே இருந்தன. சினம் கொண்ட ஒரு பருந்து, "உனக்குக் காது இருக்கிறதா, அல்லது மீசை மட்டும்தானா?" என்று மேலிருந்து கேட்டது. துழாவன் அதையும் ஒரு தூரமாக எடுத்துக்கொண்டு கீறினான்.

அந்நேரம் கயலி வளையை அடைந்துவிட்டாள். நீர் வாசலைத் தொட்டிருந்தது. ஒரு குட்டியைக் கவ்விச் சென்று மணல்மேட்டில் விட்டாள். திரும்பி வந்தபோது வாசல் தெரியவில்லை. மூழ்கி உள்ளே போனாள். இரண்டாவது குட்டி வளையின் கூரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தது. அதன் பிடரியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தாள். அவள் மேட்டில் ஏறிப் பார்த்தபோது வளை இருந்த இடத்தில் வெறும் நீர்தான் இருந்தது.

கட்டை போய் முட்டிய இடம் ஓர் இறால் பண்ணையின் மதகு. நண்டு சொல்லாமல் கொள்ளாமல் பண்ணைக்குள் இறங்கிவிட்டது. பண்ணை நாய்களுக்குக் கணக்கில் ஈடுபாடு இல்லை. துழாவனின் வாலில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிட்டது.

மறுநாள், எதிர்ப்பட்ட கொக்குகளிடமெல்லாம் வழி விசாரித்துக்கொண்டு அவன் மணல்மேட்டுக்கு வந்து சேர்ந்தான். குட்டிகள் தாயின் வயிற்றில் முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன.

"பருந்துகள் மட்டும் உண்மை சொல்லியிருந்தால் உனக்கு முன்பே வந்திருப்பேன்" என்றான்.

"அவை உண்மைதான் சொல்லின. கேட்கக் கேட்க நீங்கள்தான் வேறு வேறு இடத்தில் இருந்தீர்கள். கட்டை நகர்ந்துகொண்டிருந்தது" என்றாள் கயலி.

  துழாவன் சற்றுத் தள்ளிப் போய் மணலில் உட்கார்ந்து, கட்டை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும் என்று நகத்தால் கீறத் தொடங்கினான்.

நீதி: ஒரே திசையில் நூறு பேரைக் கேட்டு உட்கார்ந்திருப்பவனைவிட, வெவ்வேறு திசையில் மூவரைக் கேட்டுப் புறப்படுபவன் முன்னதாக வீடு சேர்வான்.