ஆடு வாய்வைக்காத சீத்தா

மரங்கள் தமக்குப் பிடித்த இடம் தேடி நடந்து திரிந்த அந்தக் காலத்தில், ஒரு கரட்டு அடிவாரத்தில் ஒச்சம்மாளும் அவள் புருஷன் மொக்கையனும் குடியிருந்தார்கள். இருந்த சொத்து ஒரு வெள்ளாடு. ஒச்சம்மாளுக்கு ஏழு மாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு வீட்டிலேயே ஒரு பழமரம் வேண்டுமென்று அவளுக்கு ஆசை. சுற்றிலும் பாறை. ஒரு மாதம் கடப்பாறை போட்டும் மொக்கையனால் ஒரே ஒரு குழிதான் தோண்ட முடிந்தது.

சேதி கேட்டு மரங்கள் வந்தன.

"தெனம் ரெண்டு குடம் ஊத்தணும்" என்றது வாழை.

"பூச்சி விழாம என் காய் ஒவ்வொண்ணுக்கும் துணி கட்டணும்" என்றது மாதுளை.

மாமரம் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என் விரல்கூட நுழையாது" என்று திரும்பிப் போயிற்று. அதன் ராங்கியைப் பார்க்க வேண்டுமே!

கடைசியில் குட்டையாக, கோணலாக, சீத்தா வந்தது.

"எனக்கு ஒண்ணும் வேணாம்க்கா. நிக்க எடம் குடுத்தாப் போதும்."

"ஒண்ணும் கேக்காததை நம்பாத புள்ள" என்றான் மொக்கையன். அவள் கேட்கவில்லை. சீத்தாவைத்தான் நட்டாள்.

சித்திரையில் அவர்கள் தண்ணீர் எடுத்துவந்த ஊற்று வற்றியது. பிள்ளை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒச்சம்மாளுக்குப் பால் வற்றிவிட்டதால், ஆட்டுப்பாலில்தான் பிள்ளையின் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் மிச்சம் அரைக் குடம் தண்ணீர். சீத்தாவின் இலைகள் துவண்டு தொங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"ஊத்தாதக்கா" என்றது சீத்தா. "ஆட்டுக்கு வை. அது குடிச்சாத்தான் புள்ளைக்குப் பாலு."

"நீ செத்துப்போவியே!"

"எல இருந்தாத்தானே தண்ணி கேக்கும்? எலையே வேணாம்."

சொன்னதுதான் தாமதம், அத்தனை இலைகளும் ஒரே நேரத்தில் உதிர்ந்தன. காற்று அசையவே இல்லை. பின்னாலேயே வந்த மொக்கையனுக்கு அவனை அறியாமல் கை கூம்பியது. இருப்பதில் கொஞ்சம் கொடுப்பவர்களை அவன் பார்த்திருக்கிறான். தன் உடம்பையே உதறிக் கொடுத்ததை அன்றுதான் பார்த்தான்.

தாங்கள் நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு, அந்த அரைக் குடத்தை ஆட்டுக்கு ஐந்து நாள் சிறுகச் சிறுக வைத்தார்கள். பிள்ளை பிழைத்தது. ஆறாம் நாள் மழை கொட்டியது.

கரட்டில் புல் முளைக்கும் முன்பே சீத்தா துளிர்த்தது. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை என்று இருந்தது அது மட்டும்தான். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. கூரை ஓலையைக்கூட விட்டுவைக்காத ஜென்மம் அது!

"ஐயோ, துளிர் போச்சுன்னா மரமே போச்சே!" என்று ஒச்சம்மாள் பிள்ளையும் கையுமாக ஓடிவந்தாள். எட்டவில்லை.

ஆடு வாயைத் திறந்தது. துளிரை ஒருமுறை முகர்ந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"நீ குடிக்காம விட்ட தண்ணிதான் என் உசுரு" என்றது. ஒட்டிய வயிற்றோடு திரும்பி நடந்தது.

அன்று முதல்தான் சீத்தா கோடையில் இலையை உதிர்த்துவிட்டு, யாரிடமும் தண்ணீர் கேட்காமல் நிற்கிறது. கண்டதையெல்லாம் மேயும் வெள்ளாடும், எவ்வளவு பசித்தாலும் அதன் இலையில் வாய்வைப்பதில்லை.