ஆமெனுக்குப் பிறகு ஒரு வரி

“ஆமென் எந்த இடத்தில் வருகிறது என்று கவனியுங்கள், ஏனென்றால் அங்கேதான்…” என்று என் பெரியப்பா ஒரு பிரசங்கத்தைத் தொடங்கினார். அங்கேதான் என்ன என்பது மறந்துவிட்டது. அன்று அவர் சொன்ன கதை மட்டும் இருக்கிறது.

அருமைநாயகம் ஐயருக்கு வயது ஐம்பத்தாறு. தெற்கே புராட்டஸ்டன்ட் எனப்படும் சீர்திருத்த சபைப் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். அவருக்குப் புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் பிரகாசிக்கு முப்பத்தொன்பது. கத்தோலிக்கக் கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர். சனிக்கிழமைதோறும் ஐயர் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறி வந்து, மடத்து வரவேற்பறையில் பள்ளிப் பிள்ளைபோல நோட்டை விரித்து உட்காருவார். சபையில் சிலருக்கு இது பிடிக்கவில்லை.

“அந்தம்மா எனக்கு வினைச்சொல் சொல்லித் தாராங்க, ஜெபமாலை இல்ல. எனக்குக் குரு அவங்க,” என்று சபைக் கூட்டத்திலேயே சொன்னவர் அவர்.

ஒரு சனிக்கிழமை ஐயர் நோட்டு கொண்டுவரவில்லை.

“சிஸ்டர், ஒரே ஒரு வரி. கிரேக்கத்துல காட்டிருங்க, போதும்.”

“எந்த வரி?”

“ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்.”

சிஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார். “நிச்சயதார்த்தம் எப்படி நடந்துச்சு?”

நன்றாகத்தான் நடந்திருந்தது, ஜெபம்வரை.

மகள் ஜெமிமா தானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை கத்தோலிக்கர். அதற்கு ஐயர் சம்மதித்துவிட்டார். நிச்சயத்தன்று, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை அவர்தான் தொடங்கினார். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பரலோக மந்திரம் என்பார்கள், பெயரும் சில சொற்களும்தான் வேறு. கூடம் முழுக்க ஒரே குரல். தீமையிலிருந்து காக்கச் சொல்லும் இடம் வந்ததும் மாப்பிள்ளை வீட்டார் ஆமென் சொல்லி முடித்துவிட்டார்கள். பெண் வீட்டார் ராஜ்யமும் வல்லமையும் என்று போய்க்கொண்டே இருந்தார்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் சிரித்துவிட்டார். “உங்க மந்திரத்துக்கு வால் நீளமா இருக்கே ஐயரே.”

“வேதத்துல இருக்கதை வெட்டினது யாரு?” என்றார் ஐயரின் மைத்துனர்.

“நாங்க எதுக்கு வெட்டணும்? ராயப்பர் காலத்துல இருந்து கைமாறிக் கைமாறி வந்த சபை.”

“ராயப்பர்னா யாரு?”

“நீங்க பேதுருங்கீங்களே, அவருதான். அவரு பேரைக்கூட மாத்திட்டுப் பிரிஞ்சு போனவங்க நீங்க.”

“யாரு பிரிஞ்சா? அப்போஸ்தலர் எழுதிவச்ச இடத்துக்குத் திரும்பிப் போனோம். வழியில தொலைச்சவங்க நீங்க.”

காப்பி ஆறியது. ஐயர் எழுந்து, முழு ஜெபத்தையும் சொல்லுகிற வீட்டுக்குத்தான் என் பெண் என்று சொல்லிவிட்டார். ஜெமிமா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐந்து நாளாக அவரோடு பேசவில்லை.

“அந்த வரி மூலத்துல இருக்குன்னு காட்டிட்டா அவங்க வாயை மூடிருவாங்க,” என்றார் ஐயர்.

சிஸ்டர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை எடுத்து வந்து, மத்தேயு ஆறாம் அதிகாரத்தைத் திறந்து வைத்தார். “நீங்களே வாசிங்க.”

ஐயர் விரல் வைத்து வாசித்தார். ஒரு பிழை இல்லை. தீமை வந்தது, முற்றுப்புள்ளி வந்தது. அடுத்த வசனம் மன்னிப்பைப் பற்றியது. விரல் மேலே போய் மறுபடி இறங்கியது.

“அடியில பாருங்க.”

பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், பிந்திய கையெழுத்து ஏடுகளில் மட்டும் உள்ளது என்ற குறிப்போடு அந்த வரி கிடந்தது.

“இது உங்க ஆளுங்க அச்சடிச்சதா?”

சிஸ்டர் முதல் பக்கத்தைத் திருப்பினார். ஜெர்மனியில், ஐயரின் பக்கத்தைச் சேர்ந்த வேதாகமச் சங்கம் ஒன்று அச்சடித்தது.

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப மாமன் சொன்னதுதான் சரி. வால்.”

“அவசரப்படாதீங்க. ஆதிச்சபையார் கூடி ஜெபிக்கையில கடைசியில இப்படிச் சொல்லியிருக்காங்க. மத்தேயுவோட பழைய ஏடுகள்ல அது இல்ல, அவங்க வாயில இருந்துச்சு. பின்னால படியெடுத்த எவனோ ஒருத்தன் தீமைன்னு எழுதி நிறுத்தியிருப்பான். காதுல பழகினது கைக்கு வந்துட்டு.”

ஐயர் அந்தப் பொடி எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

“அப்ப நாங்க சொல்லுதது… எழுத்துல இல்லாம கைமாறி வந்த பாரம்பரியமா?”

“ஆமா. நாங்க எழுத்துல இருக்கதோட நிறுத்திக்கிடுதோம்.” சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வெளிய சொல்லிராதீங்க ஐயரே. ரெண்டு பேரையும் ரெண்டு சபையும் தள்ளி வச்சிரும்.”

ஐயரும் சிரித்தார். ஐந்து நாளில் முதல் தடவை.

“பூசையில நாங்களும் அந்த வரியைச் சொல்லுவோம். தீமையோட நிறுத்தினதும், நடுவுல பூசை வைக்கிற சாமியார் ஒரு சின்ன ஜெபம் சொல்லுவாரு. அது முடியட்டும்னு காத்திருந்து சொல்லுவோம்.”

“எனக்குத் தெரியாதே.”

“நீங்க வந்ததில்லையே. நானும் உங்க கோயிலுக்கு வந்ததில்ல.”

ஐயர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

“ஒண்ணே ஒண்ணு சிஸ்டர். அந்த வரியை எழுதினானே, அவன் உங்க ஆளா, எங்க ஆளா?”

“அவனை எழுப்பிக் கேட்டா, அது என்ன உங்க ஆளு, எங்க ஆளுன்னு நம்மளைக் கேப்பான்.”

ஐயர் படியிறங்கினார். பஸ் நிலையத்திலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குப் போன் செய்தார். கல்யாணம் குறித்த தேதியில் நடக்கட்டும், ஜெபத்தை நீங்கள் தொடங்குங்கள் என்றார்.