உச்சிப்பொழுதில் அருந்ததி

முன்னொரு காலத்தில் ஓர் அரசவையில் நடந்தது இது. அன்று அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அங்கே இல்லாதவர்கள்தான் இதைப் பற்றி அதிகம் பேசியிருக்கிறார்கள்.

சிங்காதனத்தில் அரசர் மகுடவர்மர். பக்கத்தில் பட்டத்தரசி மங்களநாயகி. வலப்புறம் வித்வான்கள், அவர்களுக்குத் தலைவராகத் தருக்கபூஷணம் கச்சபேசர். இடப்புறம் கருவூல அதிகாரி அரங்கநாதர். அவரை ஒட்டி விகடகவி ஆதிமூலம். ஆதிமூலத்தின் மகள் வடிவை அரங்கநாதரின் மகனுக்கு நிச்சயம் செய்து வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. அதனால் இருவரும் ஒரே சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இல்லறம் எந்த நொடியில் தொடங்குகிறது என்று அரசருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். வித்வான்களைக் கேட்டார். பெரியவர்கள் வாக்குக் கொடுத்தபோதே தொடங்கிவிட்டது என்றார் ஒருவர். தாலி ஏறும்போது என்றார் இன்னொருவர். முதல் சண்டை முடிந்து சேர்ந்து சாப்பிடும்போது என்று அரசி மெல்லச் சொன்னாள்; அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியாகக் கச்சபேசர் எழுந்தார். மணமகன் கைநீட்டிக் காட்ட, மணமகள் அருந்ததி நட்சத்திரத்தைப் பார்த்தேன் என்று சொல்கிறாளே, அப்போதுதான் இருவர் பார்வையும் ஒன்றாகிறது, அதுவே இல்லறத்தின் தொடக்கம் என்று விரிவாக விளக்கினார். அரசருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அருந்ததி பார்க்காத கல்யாணம் கல்யாணமே அல்ல என்று அந்த இடத்திலேயே ஆணை பிறந்தது.

கச்சபேசர் காத்திருந்தது அதற்குத்தான். ஆதிமூலத்தின் வாயால் சபை நடுவே பலமுறை மூக்குடைபட்டவர் அவர்.

“அப்படியானால் நான் ஒரு விஷயத்தை மறைப்பது ராஜத்துரோகமாகும், மகாராஜா. விகடகவியின் கல்யாணத்தில் நான் முன்வரிசையில் இருந்தேன். அருந்ததி தெரிகிறதா என்று கேட்டதற்கு அந்த அம்மாள் தெரியவில்லை என்று சொன்னார். பந்தல் முழுக்கக் கேட்டது.”

அரங்கநாதர் அங்கவஸ்திரத்தை இழுத்து மடியில் சுருட்டிக்கொண்டு சமுக்காளத்தின் மறு ஓரத்துக்கு நகர்ந்தார்.

ஆதிமூலத்துக்கு முகம் காந்தியது. எதையும் சிரிப்பாக்கிவிடும் அந்த மனிதரால் இந்த ஒன்றை மட்டும் இத்தனை வருஷத்தில் சிரிப்பாக்க முடிந்ததில்லை. பந்தல் வாசலில் ‘தெரிகிறது என்று சொல்லிவிடு’ என்று அவர் காதோரம் கெஞ்சியதும், அவள் அண்ணாந்து பார்த்து ‘வெயில்தான் தெரிகிறது’ என்று உரக்கச் சொன்னதும், மாமன்மார் தலைகுனிந்ததும் கண்முன் வந்து நின்றன.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் அவர் மனைவி அருந்ததியைப் பார்த்ததாக நிரூபிக்க வேண்டும், தவறினால் மகளின் நிச்சயம் செல்லாது என்றார் அரசர்.

வீட்டில் ஆதிமூலத்தின் மனைவி உண்ணாமுலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லி, சபைக்கு வந்து பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லும்படி வேண்டினார்.

“தெரியாததைத் தெரிந்தது என்று சொல்லியா என் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது?” என்றாள். பிறகு கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: “ஆமாம், அன்றைக்குக் கையை நீட்டிக் காட்டினீர்களே, உங்களுக்குத் தெரிந்ததா?”

அவருக்கும் தெரியவில்லைதான். வேறு யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. கூச்சம் சற்றுத் தணிந்த பிறகுதான் அந்தக் கேள்வியைச் சபைக்கே கொண்டுபோகலாம் என்று தோன்றிற்று.

மறுநாள் உச்சிவெயிலில் மனைவியோடு அரண்மனை முற்றத்தில் வந்து நின்றார்.

“மகாராஜா, என் மனைவி அன்று அருந்ததியைப் பார்க்கவில்லை. அது உண்மை. இன்று பார்க்கச் சித்தமாக இருக்கிறாள். நான் காட்டியதில்தான் பிழை போலும். இங்கே உள்ள பெரியவர்கள் எல்லோரும் தங்கள் கல்யாணத்தில் பட்டப்பகலில் காட்டியவர்கள். கண்ணை மூடிக்கொண்டு, மணி அடித்ததும் அவரவர் அன்று காட்டிய இடத்தைக் காட்டட்டும். தாங்களும் காட்ட வேண்டும். எல்லா விரலும் சேரும் இடத்தில் அவள் பார்த்துக்கொள்வாள்.”

அரசர் உற்சாகமாக எழுந்து வந்தார். மணி அடித்தது. கைகள் உயர்ந்தன. கையை இறக்காமல் கண்ணைத் திறக்கும்படி ஆதிமூலம் சொன்னார்.

ஒரு வித்வானின் விரல் மாட்டுத் தொழுவத்தின் பக்கம் இருந்தது. இன்னொருவருடையது கோபுரத்தின் பக்கம். அரங்கநாதருடையது, பழக்கதோஷம், கருவூலத்தைக் காட்டியது. எதற்கும் இருக்கட்டும் என்று கச்சபேசர் நேர் உச்சியைக் காட்டியிருந்தார். அங்கே சூரியன் இருந்தது. அரசரின் விரல் வடக்கே நின்றது.

“இதில் எதைப் பார்க்க வேண்டும்?” என்று உண்ணாமுலை கேட்டாள்.

“நம் கல்யாணத்தில் தெற்கே அல்லவா காட்டினீர்கள், சுவாமி?” என்றாள் அரசி. “அங்கே யானைக்கொட்டிலின் மேல் பாகனின் முண்டாசு காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் தெரிகிறது என்றேன்.”

யார் முதலில் கையை இறக்குவது என்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள். தன் மானத்தைக் காப்பாற்றத்தான் அன்று மனைவி தலையாட்டினாள் என்பது ஒவ்வொருவருக்கும் அந்த வெயிலில் உறைத்தது.

“என் ஆணைப்படி பார்த்தால்...” என்று தொடங்கி அரசர் நிறுத்திக்கொண்டார்.

“ஆணைப்படி பார்த்தால் நாம் எல்லோரும் பிரம்மச்சாரிகள், மகாராஜா. தருக்கபூஷணத்துக்குப் பேரன் இருக்கிறான், அது ஒன்றுதான் சங்கடம்” என்றார் ஆதிமூலம்.

அரசர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆணையை அங்கேயே ரத்து செய்து, தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து ஆதிமூலத்துக்குப் போர்த்தினார். அரங்கநாதர் பக்கத்தில் வந்து நின்று, முகம் பார்க்காமல், குறித்த முகூர்த்தத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

ஆதிமூலம் சால்வையை மனைவியிடம் நீட்டினார். சபையைச் சிரிக்க வைத்தவருக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷம் இவளை நினைத்தா கூசினோம் என்று கூசினார். அவள் சால்வையை வாங்கி மடித்துக்கொண்டு, வெயில் கொளுத்துகிறது, வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

உண்ணாமுலைக்குப் பார்வை மங்கல், அதனால்தான் கல்யாணத்தன்று அருந்ததி தெரியவில்லை என்று பின்னால் ஒரு பேச்சுக் கிளம்பி இன்றும் நடமாடுகிறது. அது பொய். அந்த அம்மாளுக்குக் கண் நன்றாகத் தெரியும்.