கை தூக்காதவள்

ஆற்றோரச் சுடுகாட்டை ஒட்டி ஒரு மடம். கேட்பாரற்ற பிணங்களை எடுத்து அடக்கம் செய்வதுதான் அங்கே பூசை. குரு, நாச்சியம்மை. அவளைவிட இருபது வயது மூத்த அர்த்தநாரி அவளுக்குச் சீடன். கழிவுப் பஞ்சு மூட்டை சுமந்து, பேரம் பேசிப் பேசியே ஊரார் பங்குப் பணம் போட்ட ஒரு மில்லுக்குத் தலைவன் ஆனவன். கோபம் வந்தால் அவன் முன்னால் ஒருவரும் நிற்க முடியாது.

அன்றும் கோபத்தோடுதான் வந்தான்.

"திருநீறு கொடுங்க சாமி. நாளைக்குப் போர்டு கூட்டம். என் சம்பளம் ரெண்டு மடங்காகணும். ஒருத்தியை வெளியே தள்ளணும்."

"யாரை?"

"ரெஜினான்னு ஒருத்தி. தொழிற்சாலை இன்ஸ்பெக்டரா இருந்தவ. கடன் கொடுத்த பேங்க்காரன் பிடிவாதமா போர்டுக்குள்ளே விட்டான். முதல்ல பாய்லரை மாத்துங்க, சம்பளத்தை அப்புறம் பேசலாம்கறா. பாய்லரை மாத்தினா லாபம் ஏது? லாபத்தைக் காட்டித்தானே சம்பளம் கேக்கறேன்?"

"மத்தவங்க?"

"ஏழு பேர். நான் இருமினாலே கை தூக்குவாங்க. சட்டத்துக்கு ஒரு பொம்பளை வேணும்னாங்க, என் சம்சாரத்தை உக்கார வெச்சேன். என் சம்பளத்தை முடிவு பண்றவர் பக்கத்து மில்லுக்காரர். அவர் மில்லு போர்டுல உக்காந்து அவர் சம்பளத்தை நான் முடிவு பண்றேன்."

"சந்தையில பஞ்சு வாங்கறே. விக்கறவனும் உன் ஆளா இருந்தா?"

அர்த்தநாரி சிரித்துவிட்டான். "அது வியாபாரமா சாமி? கூத்து."

சொன்ன பிறகுதான் உறைத்தது. முகம் சிவந்தது.

நாச்சியம்மை திருநீற்றுத் தட்டைத் தொடவில்லை. "பாடைக்கு ஒரு ஆள் குறையுது. தோள் கொடு."

பின்பக்கம் தூக்கினான். எங்கும் முந்திப் போயே பழகிய கால். பாடை ஒரு பக்கம் சரிந்தது. முன்னால் தூக்கிய மடத்து ஆள் சூசை திரும்பிப் பார்த்தான்.

"முதலாளி, உங்க அவசரத்தை மில்லுல வெச்சுக்குங்க. இங்கே எல்லாரும் ஒரே அடி."

அர்த்தநாரியிடம் இப்படிப் பேசி யாரும் தப்பியதில்லை. ஆனாலும் அடியை மாற்றிக்கொண்டான்.

குழிக்கரையில் துணியை விலக்கினார்கள். முகத்தில் தோல் இல்லை.

"யார் சாமி இது?"

"ஒடிசாப் பையன். போன வாரம் உன் பாய்லர் ஆவி அடிச்சுது."

"ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நான் கொடுத்தேனே."

"கொடுத்தே."

"பேரு என்ன?"

"அதை உன் மில்லுலதான் கேக்கணும்."

மண் தள்ளினார்கள். ஆற்றில் முழுகிக் கரையேறினார்கள். அர்த்தநாரி குரல் அடங்கிக் கேட்டான்.

"நாளைக்கு அவளை என்ன செய்யட்டும் சாமி?"

"அனுப்பிவிடு."

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே குரு சொன்னாள்: "அந்த ஏழு பேர் போதும். உன் மில்லுக்குப் பாடை தூக்க, ஒரே அடி வைக்கறவங்கதான் வேணும்."