ஒட்டடைக் கம்பைப் பிடித்த சம்பந்தி

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு மூன்று மேதைகள். வங்கியில் ஓய்வு பெற்ற ஞானதுரை, அரிசிக்கடை கோமதிநாயகம், அப்புறம் எனக்குத் தாலி கட்டியவர். டெஸ்ட் கிரிக்கெட்டிலேயே பெரிய பேட்டிங் எது என்பதுதான் மூவருக்கும் கவலை. மகளின் நிச்சயதார்த்தம் அன்றும் அதே கவலை.

"அந்தக் காலத்துல ஒரு பையன் ஒத்தை ஆளா நின்னு ஜெயிக்கிற வரைக்கும் கொண்டாந்தான் பாரும், அதுதான்வே பெருசு," என்றார் ஞானதுரை.

"வாசல் வரைக்கும் வந்து அவுட் ஆனவன்லா? ஜெயிச்சானா?" என்றார் கோமதிநாயகம்.

"சந்தேகமே இல்லை, அதான் பெருசு," என்றார் என் வீட்டுக்காரர்.

"நீரு அதைப் பாக்கவே இல்லியே. மாடியில ஆண்டெனாவைப் பிடிச்சிட்டுல்லா நின்னீரு?" என்றார் கோமதிநாயகம்.

"நீங்க கத்துன சத்தத்தை வச்சுச் சொல்லுதேன். அன்னைக்கு உங்கள்ல யாரோ அசைஞ்சிருக்கீரு. இல்லேன்னா அவன் அவுட் ஆயிருக்க மாட்டான்."

நான் அசையவில்லை, நீர்தான் அசைந்தீர் என்று ஒரு பாடு விவாதம். கடைசியில் ஞானதுரை தீர்ப்புச் சொன்னார்: அன்றைக்கு எப்படிப் பார்த்தோமோ அப்படியே இன்னொரு தரம் பார்க்கணும், ஒருத்தரும் அசையாமல். அப்போதுதான் பேட்டிங் பண்ணிய அந்தப் பையனுக்கு நியாயம் கிடைக்கும்.

பழைய ஆட்டத்தின் பதிவை எங்கள் டிவியில் போட்டார்கள். அன்று பாதிச் சவரத்தில் ஓடி வந்த ஞானதுரை, இன்றும் ஒரு கன்னத்தில் சோப்போடு உட்கார்ந்தார். அன்று டிவி இல்லாத கோமதிநாயகம், வீட்டில் இப்போது இரண்டு டிவி இருந்தும், எங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். என் வீட்டுக்காரர் மாடி ஏறினார். ஆண்டெனா பழைய இரும்புக்குப் போய் எத்தனையோ வருஷம். அதனால் ஒட்டடைக் கம்பை நட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டார்.

"தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. அசையாதேயும்."

நான் மாடிக்கே போய்ச் சொன்னேன்: "நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள தாம்பூலத் தட்டு மாத்தணும். ஆட்டம் முடிஞ்சதும் இறங்கி வந்துடுங்க."

"முடிஞ்சதும் வாரேன்," என்றார்.

அது முடிந்து ஒரு தலைமுறையே ஆகிவிட்டது. எனக்குத் தெரியும். அவருக்கல்லவா தெரியணும்.

சம்பந்தி வீட்டார் வந்தார்கள். காபி கொடுத்தேன். கேசரி கொடுத்தேன். நாலு மணிக்குமேல் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மகள் பட்டுப்புடவையில் என்னை முறைத்தாள். சம்பந்தி உலகநாதன் பார்ப்பதற்கு விவரமானவர். "நான் போய்க் கூட்டிட்டு வாரேன்" என்று தட்டோடு மாடி ஏறினார். எனக்கு உயிர் வந்தது.

மேலே நடந்தது கீழேவரை கேட்டது.

"தட்டை வாங்கிக்கிடுங்க சம்பந்தி."

"கம்பை விட்டா விக்கெட் போயிரும்."

"அப்போ கம்பை எங்கிட்டக் கொடுங்க."

கம்பு கை மாறியது. அதே நேரம் ஹாலில் ஞானதுரை அலறினார். ஜன்னலில் கோமதிநாயகம் தலையில் கை வைத்தார். பையன் அவுட். போன தடவை எந்தப் பந்தில் போனானோ, அதே பந்து.

"ஒட்டடைக் கம்பு பிடிச்சா ஆட்டம் நடக்குது?" என்று கத்திவிட்டு, நானும் சம்பந்தியம்மாளும் வேறு தட்டு எடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து, நாங்களே மாற்றிக்கொண்டோம். ராகுகாலத்துக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. மகள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. ஒருவழியாகக் கல்யாணம் முடிவாகிவிட்டது என்று நானும் உட்கார்ந்தேன்.

மாடியிலிருந்து யாரும் இறங்கவில்லை. உலகநாதன் குரல் மட்டும் வந்தது.

"தப்பு எம்மேலதான் சம்பந்தி. வாங்கும்போது கொஞ்சம் கிழக்கே சாச்சுட்டேன். முதல்ல இருந்து போடச் சொல்லுங்க. இந்தத் தடவை பையனை நான் ஜெயிக்க வச்சுக் காட்டுதேன்."

ஞானதுரை காய்ந்த சோப்பைத் துடைத்துவிட்டு அதே கன்னத்தில் புதிதாகப் பூசிக்கொண்டார். மாப்பிள்ளை எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, கோமதிநாயகத்துக்குப் பக்கத்தில் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

"தெரியுதா?" என்றது மாடி.

"கொஞ்சம் மேற்கே, அப்பா," என்றார் மாப்பிள்ளை.